சிவப்பு போனால் நோய் போனதாகுமா?

(சபைக் குடும்பங்களின் மாதக் கூடுகையில் மருத்துவமனைச் சாப்ளின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தைப் பற்றி டாக்டர் அல்லவா பேசவேண்டும், சாப்ளின் ஐயா ஏன் பேசுகிறார் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நான் வைத்தியம் படித்தவன் அல்ல. ஆனால் கண் சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வருகிறவர்கள் என்னைக் கண்டால், “ஐயா, இந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, கொஞ்சம் வாசித்துச் சொல்லுங்கள்” என்று கேட்பது வழக்கம். அப்படி வாசித்துக் காட்டிக் காட்டி, புரியாததை டாக்டர்களிடமும் சிஸ்டர்மாரிடமும் கேட்டுக் கேட்டு, நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். இன்று நான் சொல்லப்போகிறவற்றை நம் கண் டாக்டர் ஒருமுறை பார்த்துச் சரி சொல்லியிருக்கிறார். ஆகவே தைரியமாகப் பேசுகிறேன்.

நம்முடைய வேதாகமத் தமிழில் கண் மருந்துக்குக் ‘கலிக்கம்’ என்று ஓர் அழகான பழைய சொல் உண்டு. அந்தக் காலத்தில் கலிக்கம் என்றால் அரைத்துப் பூசும் மருந்து. இன்று அது ஒரு சிறிய பிளாஸ்டிக் குப்பிக்குள் வந்துவிட்டது. ஐந்து மில்லி மருந்து, ஒரு மூடி, அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய எழுத்து. நம் வீடுகளில் பாதி தீர்ந்த நிலையில் இப்படி ஒரு குப்பி இல்லாத அலமாரி இருக்குமா? இந்தக் கூட்டத்தில் கையைத் தூக்கச் சொன்னால் எல்லாக் கையும் உயரும் என்று எனக்குத் தெரியும். அந்தக் குப்பியைப் பற்றித்தான் இன்று பேச்சு.

கண் சிவந்தால் நாம் உடனே ‘கண்வலி’ என்கிறோம், ‘மெட்ராஸ் ஐ’ என்கிறோம். சிவப்பு என்பது ஓர் அடையாளம்தான். அதற்குப் பின்னால் பல நோய்கள் ஒளிந்திருக்கலாம். வெள்ளை விழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோலில் வைரஸ் தொற்றினால் வருவது மெட்ராஸ் ஐ. 2022 நவம்பரில் நம் தமிழ்நாட்டிலும், 2023-இல் நாட்டின் பல மாநிலங்களிலும் அது வேகமாகப் பரவியதை நாம் மறக்கவில்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தானே அடங்கிவிடும். தூசியும் வெயிலும் ஒத்துக்கொள்ளாமல் அரிப்போடு வருவது வேறொன்று. கருவிழியில் புண் ஏற்பட்டுச் சிவப்பது மற்றொன்று, அது ஆபத்தானது. கண்ணுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறிச் சிவப்பதும் உண்டு. அதற்கு மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக்கூடாது. இன்னொன்று, வெளியே தோலில் அல்லாமல் கண்ணின் உட்பகுதியில் வரும் அழற்சி. டாக்டர்கள் அதை ‘யூவியைட்டிஸ்’ என்றும், முன்பக்கத்தில் மட்டும் வந்தால் ‘ஐரைட்டிஸ்’ என்றும் சொல்வார்கள்.

இவை எல்லாமே கண்ணாடியில் பார்த்தால் சிவப்பாகத்தான் தெரியும். ஒன்றுக்கு அமுதமாகிற மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகும். அதனால்தான் டாக்டர் ஸ்லிட் லாம்ப் என்ற கருவியின் முன்னே நம்மை உட்காரவைத்து, மோவாயை ஊன்றச் சொல்லிப் பார்க்கிறார். சில வேளைகளில் ஒரு மஞ்சள் சாயத்தைத் தொட்டுவைத்து, நீல வெளிச்சத்தில் கருவிழியில் புண் இருக்கிறதா என்று பார்க்கிறார். கண்ணின் அழுத்தத்தையும் அளக்கிறார். அந்தப் பத்து நிமிடப் பரிசோதனையின் முடிவுதான் மருந்துச் சீட்டு. பரிசோதனையை விட்டுவிட்டு மருந்தை மட்டும் வாங்குவது, அடுத்த வீட்டுக்காரர் அளவுக்குத் தைத்த செருப்பை நாம் மாட்டிக்கொண்டு நடப்பதைப் போன்றது. செருப்பு கடித்தால் கால் புண்ணாகும், ஆறிவிடும். கண் அப்படி அல்ல.

கண்ணின் உட்புற அழற்சியைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். கருவிழிக்குப் பின்னால், நடுவில் ஓட்டையுள்ள ஒரு சிறிய நிறத்திரை இருக்கிறது. வெளிச்சத்துக்குச் சுருங்கும், இருட்டில் விரியும். அதன் பெயர் ஐரிஸ். அதில் அழற்சி வந்தால் கண் வலிக்கும், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும், கருவிழியைச் சுற்றி வளையம்போலச் சிவக்கும், பார்வை மங்கும். பீளை அதிகம் இருக்காது. காரணம் பல: காசநோய், குஷ்டரோகம், சில மூட்டுவாத நோய்கள், குழந்தைகளுக்கு வரும் மூட்டு வீக்கம். எவ்வளவோ பேருக்குக் காரணமே தெரிவதில்லை.

நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1993-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மதுரைப் பக்கம் பெருவெள்ளம் வந்தது. அதைத் தொடர்ந்து, கண்ணின் உட்புற அழற்சியோடு அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வழக்கத்துக்கு மிஞ்சிய எண்ணிக்கையில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். டாக்டர்கள் சும்மா மருந்து கொடுத்து அனுப்பிவிடவில்லை, காரணத்தைத் தேடினார்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல்தான் காரணம் என்று கண்டார்கள். 73 நோயாளிகளைப் பற்றிய அந்த ஆய்வு 1997-இல் வெளியானது. வெள்ளத்தில் நடந்த கால். நோவு வந்ததோ கண்ணில்! கண் சிவந்தால் கண்ணை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இந்த உட்புற அழற்சிக்கு டாக்டர் பெரும்பாலும் இரண்டு குப்பிகள் எழுதுவார். ஒன்று ஸ்டீராய்டு வகை. பிரட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் என்று பெயர் இருக்கும். அது அழற்சியை அடக்கும். மற்றொன்று பாவையை விரியவைக்கும் மருந்து. ஹோமட்ரோபின், அட்ரோபின், சைக்ளோபென்டோலேட் என்று பெயர் இருக்கும். “ஐயா, இந்த இரண்டாவது மருந்தை விட்டால் எழுத்தே தெரியவில்லை, வெளிச்சம் கூசுகிறது, இதை விட்டுவிடட்டுமா?” என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். விட்டுவிடக்கூடாது. அழற்சியுள்ள ஐரிஸ் பசைபோலப் பின்னாலுள்ள லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் கண்ணுக்குள் நீரோட்டம் தடைப்பட்டு அழுத்தம் ஏறும். ஒட்டவிடாமல் விரித்து வைப்பதும், தசையை ஓய்வாக வைத்து வலியைக் குறைப்பதும் இந்த இரண்டாவது மருந்தின் வேலை. மங்கல் மருந்தின் தன்மை. ஹோமட்ரோபின் என்றால் ஓரிரண்டு நாளிலும், அட்ரோபின் என்றால் ஒன்றிரண்டு வாரத்திலும் தெளியும். அதுவரை வண்டி ஓட்டாதிருங்கள். வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சிறு குழந்தைக்கு அட்ரோபின் விட்டபின் முகம் சிவந்து, உடம்பு சுட்டு, வாய் வறண்டு, நெஞ்சு படபடத்தால், அடுத்த சொட்டை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.

இனி ஸ்டீராய்டுக்கு வருவோம். 1948-இல் கார்ட்டிசோன் என்ற மருந்து முதன்முதல் மூட்டுவாத நோயாளிக்குக் கொடுக்கப்பட்டபோது, படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்ததை உலகம் வியந்து பார்த்தது. 1950-இல் அந்தப் பணிக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கண்ணிலும் அதே அற்புதம்தான். ஒரு காலத்தில் குருடாக்கிவிடும் என்று கைவிட்ட அழற்சிகளை இது அடக்குகிறது. இந்த மருந்தை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்கவேண்டாம். தகுந்த நோய்க்கு, தகுந்த நாள் விட்டால் இது பார்வையைக் காக்கும் மருந்து.

ஆனால் இந்த மருந்து செய்வது என்ன? நோய்க்கிருமியைக் கொல்வது அல்ல. உடம்பு நோயோடு நடத்தும் சண்டையை அடக்குகிறது. சண்டை அடங்கியதும் சிவப்பு போய்விடுகிறது, வலி குறைகிறது, நமக்குச் சுகம்போலத் தோன்றுகிறது. எதிரி உள்ளே இருக்கும்போதே காவல்காரனைத் தூங்கவைத்தால் வீடு அமைதியாகத்தான் இருக்கும். அந்த அமைதியை நம்பலாமா?

இரண்டாவது, கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடிந்து போகிற சல்லடையை இந்த மருந்து சிலருக்கு மெல்ல அடைத்துவிடும். கண்ணின் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 புள்ளிவரை இருக்கும். நான்கு முதல் ஆறு வாரம் தொடர்ந்து இந்த மருந்தை விட்டால், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் ஓரளவு ஏறுகிறது. நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு மிகவும் ஏறிவிடுகிறது. பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரமாகவும் ஏறலாம். குடும்பத்தில் யாருக்காவது க்ளாக்கோமா இருந்தாலும், சர்க்கரை வியாதி இருந்தாலும், கிட்டப்பார்வை மிக அதிகமாக இருந்தாலும் ஆபத்து கூடுதல். ஏறிய அழுத்தம் வலிக்காது, சிவக்காது, அரிக்காது. ஓரப் பார்வையை மெல்லத் தின்றுகொண்டே வரும். கண்ணின் நரம்பு ஒருமுறை பட்டுப்போனால் அதைத் திரும்பத் துளிர்க்கவைக்க இன்றுவரை மருந்து இல்லை. இதோடு, நாள்பட விட்டால் இளம் வயதிலேயே கண்புரையும் வரும். புரையை அறுவை செய்து எடுத்துவிடலாம். நரம்புக்கு அந்த வழி இல்லை.

நம் வார்டில் சில ஆண்டுகளுக்கு முன் பார்த்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். பதினோரு வயது. கோடை வந்தால் கண் அரிக்கும், கசக்கிக் கசக்கிச் சிவக்கும். ஒரு வருடம் கண் டாக்டரிடம் காட்டினார்கள். அவர் இரண்டு வாரத்துக்கு ஒரு சொட்டு மருந்து எழுதிக்கொடுத்து, முடிந்ததும் வரச்சொன்னார். மூன்றே நாளில் கண் வெளுத்துவிட்டது. சுகமாகிவிட்டதே என்று திரும்பிப் போகவில்லை. மறுபடி அரித்தபோது தாயார் காலிக் குப்பியை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனார்கள். கடைக்காரரும் சீட்டுக் கேட்காமல் அதே மருந்தைக் கொடுத்தார். அது தீர்ந்ததும் இன்னொன்று. இப்படி இரண்டு வருடம். அந்தத் தாயார் பிள்ளைமேல் கவலையற்றவர்கள் அல்ல. காட்டு வேலைக்குப் போய் வந்த கூலியில் மறக்காமல் மருந்து வாங்கினவர்கள். பள்ளிக்கூடத்தில் பையன் வலப்பக்கம் நிற்கிறவர்கள்மேல் மோதிக்கொள்கிறான் என்று வாத்தியார் சொல்லியனுப்பிய பிறகே இங்கே வந்தார்கள்.

அழுத்தத்தை அளந்தபோது சாதாரண அளவைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. வலது கண்ணின் நரம்பு பெரும்பகுதி போய்விட்டது. இடது கண்ணில் பாதிப்பு குறைவு. டாக்டர் சொல்லி முடித்த பிறகு அந்த அம்மா வராந்தாவில் உட்கார்ந்து என்னிடம் கேட்டார்கள்: “சிவப்புதான் போய்விட்டதே ஐயா, பிறகு கண் எப்படிப் போகும்?” அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பையனுக்கு அந்த மருந்தை நிறுத்தி, அரிப்புக்கு வேறு மருந்தும், அழுத்தத்துக்குத் தனி மருந்தும் கொடுத்தார்கள். இடது கண் காப்பாற்றப்பட்டது. வலது கண்ணில் போனது போனதுதான். அந்த அம்மா கேட்ட கேள்வியைத்தான் இன்றைய பேச்சுக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லவேண்டும். நம் பகுதி விவசாயப் பகுதி. கதிர் அடிக்கும்போது நெல் உமி தெறிக்கும், கரும்புத் தோகை கீறும், மாட்டின் வால் அடிக்கும். கருவிழியில் கீறல் விழுந்தால் அதில் பூஞ்சைக் காளான் புகுந்து புண்ணாகும். 1993-இல் மதுரை மாவட்டத்தைக் குறித்துச் செய்த ஒரு கணக்கெடுப்பில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கண்டார்கள். அதே பகுதியில் 1994-இல் நடந்த மற்றோர் ஆய்வில், கிருமி வளர்த்துக் கண்டறிந்த புண்களில் ஏறத்தாழப் பாதி பூஞ்சையால் வந்தவை. அந்தப் புண்ணில் ஸ்டீராய்டு சொட்டை விட்டால் பூஞ்சைக்கு உரம் போட்டதுபோல் ஆகும். ஹெர்ப்பிஸ் என்ற வைரஸ் புண்ணுக்கும் அப்படியே. மரக்கிளைபோல் மெல்லிய கோடாக இருந்தது பரந்து விரிந்துவிடும். முதல் இரண்டு நாள் சிவப்புக் குறையும். பிறகு கண்ணில் பூ விழும். சிலருக்குக் கருவிழியே ஓட்டையாகும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு என்று விடுவதும் அதே ஆபத்துதான். அவை எதுவும் கிருமி நீக்கப்பட்டவை அல்ல.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். குப்பியில் ‘கிருமிநாசினி மருந்து’ என்று இருந்தாலும், பல கலப்பு மருந்துகளில் ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்கும். பெயரின் முடிவில் ‘டி’ என்ற ஓர் எழுத்து கூடியிருப்பதே சில மருந்துகளில் அந்த வித்தியாசம். அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் வாங்கி விடுகிறோம்.

சரி, சீட்டை எப்படி வாசிப்பது? மருந்துச் சீட்டில் மூன்று எல்லைகள் உண்டு. எந்தக் கண்? எந்த நோய்க்கு? எத்தனை நாள்? இந்த மூன்றும் தெரியாமல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டாதீர்கள். வலமா இடமா என்பதைக் குப்பியின்மேல் ஒரு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டித் தமிழில் எழுதச் சொல்லுங்கள். சிஸ்டர்மார் மகிழ்ச்சியோடு எழுதித் தருவார்கள்.

உட்புற அழற்சிக்கு ஸ்டீராய்டு எழுதும்போது, முதலில் மணிக்கு ஒருதரம்கூட விடச் சொல்வார்கள். பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறை, அடுத்த வாரம் நான்கு, அதற்கடுத்த வாரம் மூன்று, இரண்டு, ஒன்று என்று படிப்படியாக இறக்குவார்கள். இது ஓர் எடுத்துக்காட்டுதான். உங்கள் சீட்டில் இருப்பதே உங்களுக்குச் சட்டம். இதில் மக்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். கண் வெளுத்ததும் சட்டென்று நிறுத்துகிறவர்கள் ஒரு சாரார். அடங்கிய அழற்சி திரும்பவும், முன்னிலும் வேகமாக எழும்பும். நிறுத்தாமல் மாதக்கணக்கில் விடுகிறவர்கள் மற்றொரு சாரார். அவர்களுக்கு நேர்வதைத்தான் சற்றுமுன் கேட்டீர்கள். படியில் ஏறினவர் படிப்படியாகவே இறங்கவேண்டும். நடுவில் குதிக்கவும் கூடாது, மாடியிலேயே குடியிருக்கவும் கூடாது. டாக்டர் ‘மறுபடி வாருங்கள்’ என்று எழுதும் தேதியும் மருந்தின் ஒரு பகுதிதான். அன்றுதான் அழுத்தத்தை அளப்பார்.

என்னிடம் மட்டும் கேட்கப்படும் இரண்டு கேள்விகள் உண்டு. “உபவாச நாளில் சொட்டு மருந்து விடலாமா, தொண்டையில் கசக்கிறதே?” என்று கேட்பார்கள். தாராளமாக விடுங்கள், ஒரு வேளையும் தவறவேண்டாம். “ஜெபித்துவிட்டோம், இனி மருந்தை நிறுத்திவிட்டால் விசுவாசம்தானே?” என்றும் கேட்பார்கள். டாக்டரிடம் மறுபடி காட்டி, அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம். ஜெபம் கேட்கப்பட்டது என்றால் அது பரிசோதனையிலும் தெரியத்தானே செய்யும்? பரிசோதனைக்குப் பயப்படுகிற விசுவாசம் எனக்குத் தெரிந்து வேதபாடத்தில் இல்லை.

அடுத்து, மருந்து விடும் முறை. எளிதான வேலைபோலத் தோன்றும்; பாதிப்பேர் சரியாகச் செய்வதில்லை என்று சிஸ்டர்மார் சொல்கிறார்கள்.

முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். குப்பியின் பெயரை வெளிச்சத்தில் வாசியுங்கள். காதுக்கு விடும் குப்பியும், ஒட்டுப்பசைக் குப்பியும் பார்க்க இதேபோல இருப்பவை உண்டு. அவற்றை ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். பால்போல் கலங்கலாக இருக்கும் மருந்தானால் நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும், நாம் விடுவது வெறும் தண்ணீராகிவிடும்.

தலையைப் பின்னால் சாயுங்கள், அல்லது படுத்துக்கொள்ளுங்கள். கீழ் இமையை மெல்ல இழுத்தால் ஒரு சிறிய பைபோல விரியும். மேலே பார்த்துக்கொண்டு அதில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். குப்பியின் நுனி இமையிலோ மயிரிலோ விரலிலோ படக்கூடாது. ஒரு சொட்டே கண் தாங்குவதைவிட அதிகம். இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். ஐந்து மில்லிக் குப்பியில் ஏறத்தாழ நூறு சொட்டுகள் இருக்கும். பணம் போட்டு வாங்கின மருந்தைக் கன்னத்துக்கு ஊற்றவேண்டாம். அதேபோல, மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று வேளையைக் குறைக்கவும் வேண்டாம். செலவு பாரமாக இருந்தால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். விலை குறைந்த மருந்து இருக்கிறதா என்று பார்த்து எழுதித் தருவார்.

சொட்டு விட்டதும் கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். அந்த மூலையில் மூக்குக்குப் போகும் சிறு வாய்க்கால் இருக்கிறது. அதை அடைத்தால் மருந்து கண்ணிலேயே தங்கும். தொண்டைக் கசப்பும் குறையும். இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். களிம்பு இருந்தால் கடைசியில் போடுங்கள். கை நடுங்கும் பெரியவர்களுக்கு வீட்டிலிருக்கும் பேரப்பிள்ளைகள் விட்டுக் கொடுக்கட்டும். கண் திறக்காத குழந்தையைப் படுக்கவைத்து, மூடிய கண்ணின் மூக்கோர மூலையில் ஒரு சொட்டு விட்டால், கண்ணைத் திறக்கும்போது தானே உள்ளே போய்விடும். காண்டாக்ட் லென்ஸ் போடும் பிள்ளைகள், சிகிச்சை முடிந்து டாக்டர் சொல்லும்வரை அதைப் போடக்கூடாது.

குப்பியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். திறந்து நான்கு வாரமானால், மருந்து மீதி இருந்தாலும் எறிந்துவிடுங்கள். அட்டையில் அச்சிட்ட காலாவதித் தேதி திறக்காத குப்பிக்கு மட்டுமே. கண்ணுக்குள் போகும் மருந்தில் கிருமி சேர்ந்தால் எவ்வளவு கேடு வரும் என்பதை 2023-இல் உலகம் கண்டது. நம் தமிழ்நாட்டில் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட செயற்கைக் கண்ணீர் மருந்தோடு தொடர்புபட்ட தொற்றினால் 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 14 பேருக்குப் பார்வை போயிற்று. 4 பேருக்குக் கண்ணையே எடுக்க நேர்ந்தது. 4 பேர் இறந்தார்கள். அங்கே கெட்டது குப்பி வீட்டுக்கு வருமுன்பே. வீட்டுக்கு வந்த நல்ல குப்பியை நாமே கெடுத்துக்கொள்ளக்கூடாது. ஒருவர் குப்பியை இன்னொருவர் உபயோகிக்கக்கூடாது, கணவன் மனைவியானாலும் சரி.

எப்போது தாமதிக்காமல் ஓடிவரவேண்டும்? வலி கூடினால், பார்வை மங்கிக்கொண்டே வந்தால், வெளிச்சம் தாங்காமல் போனால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால், கண்வலியோடு வாந்தி வந்தால், மருந்து தொடங்கி இரண்டு நாளாகியும் குறையாவிட்டால். கண்ணில் ஏதாவது அடிபட்டுச் சிவந்திருந்தால் அன்றே வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையானாலும் வாருங்கள். ஆராதனைக்கு வராததற்கு நான் கேள்வி கேட்கமாட்டேன்.

மருந்துக் கடையைப் பற்றி ஒரு வார்த்தை. டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசலோன் போன்ற மருந்துகள் சட்டப்படி ‘எச்’ அட்டவணையைச் சேர்ந்தவை. பதிவுபெற்ற டாக்டரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அட்டையிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். நம் சபைகளில் மருந்துக் கடை நடத்துகிற சகோதரர்கள் பலர் இருக்கிறீர்கள். காலிக் குப்பியோடு வருகிறவர்களிடம், “சீட்டு எங்கே அம்மா? கடைசியாக எப்போது டாக்டரிடம் காட்டினீர்கள்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு வியாபாரம் போகலாம். ஒரு பிள்ளையின் கண் தப்பும். வாங்குகிறவர்களும், “இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா?” என்று கேட்கக் கூச்சப்படவேண்டாம்.

பிரியமானவர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். அலமாரியைத் திறந்து, கண் மருந்துக் குப்பிகளை எல்லாம் மேசைமேல் வையுங்கள். திறந்து ஒரு மாதமானவற்றையும், தேதி தெரியாதவற்றையும், யாருக்கு எழுதியது என்று ஞாபகம் இல்லாதவற்றையும் பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள். உங்களில் யாராவது, அல்லது உங்கள் தெருவில் யாராவது, டாக்டரிடம் காட்டாமல் மாதக்கணக்கில் ஒரே கண் மருந்தை விட்டுவந்தால், தாமாகவே திடீரென்று நிறுத்தவேண்டாம். குப்பியையும் பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே கண் அழுத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கண் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களைத்தான் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வரவேண்டும்.